மாடியில் துணி துவைத்தால் கீழ் பாத்ரூமில் கொடகொட சத்தம், நாற்றம் – டிராப்பை மாற்றணுமா?

தரைத்தளம்:
1986ல் கட்டிய மாடி வீடு, செப்டிக் டேங்க். மாடியில் வாஷிங் மெஷின் தண்ணீரை வெளியே தள்ளும்போதெல்லாம் கீழ் பாத்ரூம் நானி டிராப்பில் (தரை ஜாலிக்குக் கீழே தண்ணீர் தேங்கி நாற்றத்தைத் தடுக்கும் கிண்ணம்) கொடகொடவென்று சத்தம். கொஞ்ச நேரத்தில் சாக்கடை நாற்றம். ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் அடங்குகிறது. அடுத்த துவைப்பில் மறுபடி. இரண்டு பாத்ரூம் கழிவுநீருக்கும் ஒரே 3 இஞ்ச் பைப். தரையை உடைத்து டிராப்பை மாற்றணும் என்கிறார் பிளம்பர். தீருமா?

குழாயடி:
இப்போதைக்கு உடைக்காதீங்க. ஒரு வாளியில் நாற்றம் அடங்குகிறது என்றால் டிராப் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. மேலிருந்து பைப் நிறைய இறங்குகிற தண்ணீர்தான் அதை உறிஞ்சிக்கொண்டு போகிறது. பின்னாலிருந்து காற்று வர வழி இல்லாவிட்டால் அது கிடைத்த இடத்தில் இழுக்கும். பக்கத்தில் இருப்பது உங்கள் டிராப். புது டிராப் போட்டாலும் இதே கதைதான்.

ஒரு விளக்குமாற்றுக் குச்சி போதும். ஜாலியைக் கழற்றி, டிராப்பை நிரப்பி, குச்சியை அடிவரை விட்டு நனைந்த இடத்தில் கோடு போடுங்க. மாடியில் 3 வாளித் தண்ணீரை ஒரே மூச்சில் கொட்டச் சொல்லிவிட்டு மறுபடி அளங்க.

கோடு இறங்கினால் உறிஞ்சல், அதாவது வென்ட் (மொட்டை மாடிவரை போய்க் காற்று வாங்கும் பைப்) கோளாறு. கோடு இறங்காமல் தண்ணீர் துள்ளிக் குமிழி விட்டால் அடைப்பு கீழே, சேம்பர் (வெளியே கழிவுநீர்ப் பைப்கள் சேரும் மூடித் தொட்டி) பக்கம். கொட்டும்போது ஒன்றும் ஆகாமல் ஒரே நாளில் தானாக வற்றினால் டிராப்பில் விரிசல், அல்லது முடிக்கற்றை. விளிம்பைத் தாண்டித் தொங்குகிற முடி விளக்குத் திரி மாதிரி தண்ணீரை இழுத்துச் சொட்டிவிடும்.

சேம்பர்மூடி:
அந்தக் காலத்து இரும்பு டிராப் என்றால் இன்னொன்றும் பாருங்க. சிலவற்றில் ஜாலிக்குக் கீழே கவிழ்த்த கப் ஒன்று இருக்கும். அந்தக் கப்பின் விளிம்பு தண்ணீரில் முங்கியிருப்பதுதான் முழுத் தடுப்பும். கழுவும்போது எடுத்து வைத்துவிட்டு மறந்துபோகிற வீடுகள் உண்டு. அப்புறம் எத்தனை வாளி ஊற்றினாலும் நாற்றம் நிற்காது.

தரைத்தளம்:
கப் இல்லாத வகை, பி.வி.சி. டிராப்தான். 3 வாளிக்குக் கோடு 4 செ.மீ. இறங்கியது. குமிழி வரவில்லை. மொட்டை மாடியில் பார்த்தால் பைப் தரைமட்டத்துக்கு அரை அடி மேலே நிற்கிறது, மூடி போட்டு ஒட்டியிருக்கிறது. மேலே தகரக் கூரை. ஏர் வால்வு ஒன்று போட்டு விட்டுவிடலாமா?

குழாயடி:
மூடிதான் குற்றவாளி. கூரை போட்டபோது நாற்றம் வருகிறதென்று அடைத்திருப்பார்கள்.

டிராப்பில் நிற்கவேண்டிய தண்ணீர்த் தடுப்பே 5 செ.மீ. தான். அதில் 4 போனால் மிச்சம் 1. மெஷின் பம்பு வேகத்துக்கு அதுவும் போய்விடும்.

ஏர் வால்வு காற்றை உள்ளே விடும், வெளியே விடாது. உறிஞ்சல் நிற்கும், ஆனால் டேங்கு வாயு வெளியேற வழி வேண்டுமே. திறந்த பைப் ஏற்ற முடிகிற இடத்தில் அது வேண்டாம்.

வாங்க வேண்டியது: 75 மி.மீ. எஸ்.டபிள்யூ.ஆர். (கழிவுநீர், மழைநீருக்கான) பைப் 3 மீட்டர் ஒன்று, ரிங் கப்ளர் (ரப்பர் வளையம் உள்ள இணைப்பு) ஒன்று, 45 டிகிரி பெண்டு இரண்டு, கவுல் (பைப் உச்சியில் போடும் துளையுள்ள தொப்பி) ஒன்று, கிளாம்ப் மூன்று. ஒட்டிய மூடி கழலாது, ஹேக்ஸாவால் அறுக்கணும். (பழைய ஆஸ்பெஸ்டாஸ் பைப்பாக இருந்தால் கிரைண்டர் வைக்கவே கூடாது, தூசி நுரையீரலைக் கெடுக்கும்.) ரிங்கில் சோப்புத் தண்ணீர் தடவி, பைப்பை முழுக்கச் செருகி, அடையாளம் வைத்து, 10 மி.மீ. பின்னால் இழுத்து விடுங்க. வெயிலில் பைப் நீளும். கிரீஸ் தடவினால் ரப்பர் ஊறிப்போகும்.

பைப்பைக் கூரைக்குக் கீழே முடித்துவிடாதீங்க, நாற்றம் அங்கேயே தங்கும். இரண்டு பெண்டு போட்டுச் சாய்வாக வெளியே திருப்பிக் கூரைக்கு மேலே ஏற்றுங்க. 3 மீட்டருக்குள் ஜன்னல் இருந்தால், யார் வீட்டு ஜன்னலானாலும், அதைவிட உயரம் போகணும்.

சேம்பர்மூடி:
கவுலில் கொசுவலை கட்டுவீர்கள். கட்டுங்க, ஆனால் மெல்லிய நைலான் வலை வேண்டாம். தூசியும் சிலந்திக்கூடும் சேர்ந்து ஒரு வருடத்தில் மறுபடி மூடி போட்ட கதையாகிவிடும்.

வேலை முடிந்ததும் மெஷினையும் ஓடவிட்டு அதே குச்சியால் அளங்க. 5 செ.மீ. தடுப்பில் பாதியாவது நிற்கணும். அதற்கும் கீழே போனால் பைப்பின் அடி வளைவைப் பார்க்கணும். ஒரே 90 டிகிரி எல்போ இருந்தால் இரண்டு 45 ஆக மாற்றி, கீழ் பாத்ரூமைத் தனியாகக் கல்லி டிராப்புக்கு (வீட்டுக்கு வெளியே தரையில் இருக்கும் தண்ணீர்த் தடுப்புத் தொட்டி) இழுங்க. அதற்காக டேங்கைத் திறக்க நேர்ந்தால் ஆளை இறக்காதீங்க. உயிருக்கு ஆபத்து, பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் இறக்குவது கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி குற்றமும்கூட.