மெதுவாகிப்போன போனை வைத்தே சமாளிக்க வழி இருக்கிறதா?

உப்புவெளித் தையல்:
வணக்கம். நான் உப்புவெளியில் வீட்டில் இருந்தபடியே தைத்துக் கொடுக்கிறேன், ஓடர் எல்லாம் வட்ஸ்அப்பில்தான் வரும். போன வருடம் டவுனில் தவணைக்கு ஒரு போன் எடுத்தேன். பெட்டியில் 8 ஜிபி ரேம், 50 மெகாபிக்சல் கமரா என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. இப்போது ஒரு ஆளின் அளவை எழுதி முடிப்பதற்குள் உயிர் போகிறது. "தோள் 14, கை 9" என்று தட்டி முடித்திருப்பேன், திரையில் "தோ" மட்டும் நிற்கும், அப்புறம் எல்லா எழுத்தும் ஒரேயடியாக வந்து விழும். ஆக்கள் மொடல் படங்களைச் சேர்த்து அனுப்பினால் போன் அப்படியே உறைந்துவிடும். சார்ஜ் வயரையும் ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்தால்தான் ஏறுகிறது. தவணை இன்னும் முடியவில்லை, புதிது வாங்கச் சொல்லாமல் வேறு வழி சொல்லுங்கள்.

உவர்மலை ரிப்பெயர்:
அக்கா, போன் திருத்துவதுதான் என் தொழில், இதே முறைப்பாட்டோடு நிறையப் பேர் வருகிறார்கள். பெட்டியில் சின்ன எழுத்தில் 4+4 என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் உண்மையான ரேம், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம், 4 ஜிபிதான், மற்ற 4 ஜிபி சேமிப்பிடத்தில் இருந்து கடன் வாங்கியது. விலை குறைந்த போன்களில் அந்தச் சேமிப்பிடம் பெரும்பாலும் இஎம்எம்சி வகை. அதன் வேகம் நொடிக்கு 400 மெகாபைட்டைத் தாண்டாது, யுஎஃப்எஸ் 2.2 என்ற வேகமான வகை என்றால் ஏறத்தாழ 1,200 வரை போகலாம். அதைவிட முக்கியம், இஎம்எம்சி ஒரே நேரத்தில் வாசிக்கவும் எழுதவும் மாட்டாது. வட்ஸ்அப் படங்களை இறக்கி எழுதிக்கொண்டிருக்கும்போது நீங்கள் வேறொன்றைத் திறந்தால் அது வரிசையில் நிற்க வேண்டியதுதான், உங்கள் போன் உறைவது அநேகமாக அதனால்தான். ஆகவே செட்டிங்ஸில் அந்த மேலதிக ரேமை நிறுத்திவிட்டு போனை ஒருமுறை ஓஃப் செய்து போடுங்கள். வட்ஸ்அப்பில் படம், வீடியோ தானாக இறங்குவதையும் நிறுத்துங்கள், தேவையான மொடலை மட்டும் தட்டி எடுக்கலாம். சேமிப்பிடம் முட்ட நிரம்பியிருந்தால் இவை எதுவும் உதவாது, ஐந்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும்.

சார்ஜ் விசயம் வேறு. கடற்கரைப் பக்கத்துப் போன்களின் சார்ஜ் துளையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் பின்களில் பச்சையாகக் களிம்பு பிடித்திருக்கும். உப்பு ஈரம் இருக்கும்போது சார்ஜ் போட்டால் மின்சாரம் அந்தப் பின்களை வேகமாக அரிக்கும். உங்களுக்குத் துணித் தூசியும் சேர்ந்து அடைத்திருக்கும். போனை ஓஃப் செய்துவிட்டு மரப் பற்குச்சியால் தூசியை மெதுவாக எடுங்கள், ஊசி விடவே வேண்டாம்.

கிண்ணியாத் தம்பி:
எனக்கென்றால் இதோடு மல்லுக்கட்டுவதைவிட, தவணை முடிந்ததும் இதை விற்றுவிட்டுப் பாவித்த நல்ல போன் ஒன்று எடுப்பதே மேல். நாலு வருடம் பழைய உயர்ரகப் போன்கூடப் புது மலிவுப் போனைவிட வேகமாக ஓடும். ஆனால் காசு கொடுக்க முன் *#06# அடித்து வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை, அதாவது அந்தப் போனுக்கே உரிய அடையாள எண்ணை எடுத்து, ஐஎம்இஐ என்று ஆங்கிலத்தில் தட்டி, ஒரு இடைவெளி விட்டு அந்த எண்ணைப் போட்டு 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவான போனா என்று பதில் வரும்.

நிலாவெளி ஓட்டோ:
தம்பி சொல்வது சரி, ஆனால் பாவித்த போனில் பற்றரி செத்திருந்தால் அதற்கும் சேர்த்துச் செலவு. லித்தியம் பற்றரிக்குச் சூடு ஆகவே ஆகாது. சூடான கச்சான் காற்று வீசும் ஆடி மாதத்தில் ஓட்டோவின் முன்பக்கத்தில் போனை வைத்து மப் பார்த்து ஓடியே என்னுடைய பற்றரி ஊதிப்போய்ப் பின்மூடி கிளம்பிவிட்டது. அக்கா, அயன் பண்ணும் மேசையில் போனை வைக்காதீர்கள். 80 வீதத்தோடு சார்ஜ் நிறுத்தும் வசதி இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள்.

உப்புவெளித் தையல்:
எல்லாருக்கும் நன்றி. பெட்டியைத் தேடி எடுத்துப் பார்த்தேன், 4+4 என்றுதான் இருக்கிறது. பெரிய எழுத்தில் எட்டு, பின்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் நாலு கூட்டல் நாலு, இப்படி விற்பது சனத்தை ஏமாற்றுவதுதான், எனக்குச் சரியான கோபம். மேலதிக ரேமையும் படங்கள் தானாக இறங்குவதையும் நிறுத்தினேன். தட்டும்போது எழுத்து இப்போது கையோடு வருகிறது, கமரா திறக்க இன்னும் சுணக்கம்தான். துளையில் இருந்து நூல் உருண்டை ஒன்று வந்தது, ஆனாலும் வயரைச் சாய்க்கத்தான் வேண்டியிருக்கிறது.

உவர்மலை ரிப்பெயர்:
அப்படியென்றால் முதலில் வேறு வயர் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அதிலும் சரிவராவிட்டால் பின் தேய்ந்திருக்கும், துளையை மாற்ற வேண்டும். பல மொடல்களில் அது தனியான சின்னப் போர்டில் இருக்கும், அதை மட்டும் மாற்றினால் செலவு குறைவு, கடையில் அதைக் கேட்டு விலை பேசுங்கள். கொடுக்க முன் வட்ஸ்அப்பை பேக்கப் எடுத்து, அளவுகளை ஒரு கொப்பியிலும் எழுதி வையுங்கள் அக்கா.