புளியும் பயறு குடும்பம்தானே, வேர்ல முடிச்சு ஏன் இல்ல?

கும்பப்பூ_திருவட்டாறு:
கும்பப்பூ நெல் அறுத்த வயல்ல பெரும்பயறு விதைச்சோம். பூ வர்ற நேரம் ரெண்டு மூடு பிடுங்கிப் பாத்தேன். வயல் நடுவுல உள்ளதுல வேர் முழுக்க முடிச்சு, நகத்தால கீறினா உள்ள நல்ல ரோஸ் நிறம். எருக்குழி ஓரத்துல நிக்கிறதுக்கு இலை கருகருன்னு இருக்கு, வேர்ல பேருக்குத்தான் முடிச்சு. விளையில புளியங்கன்னைத் தோண்டினா ஒண்ணுமே இல்ல. இந்த பாக்டீரியா கூட்டு எப்படி உண்டாச்சு, புளிக்கு ஏன் கிடைக்கல?

வாத்தியார்_மார்த்தாண்டம்:
மக்கா, பாதி விடை உன் எருக்குழியிலயே கெடக்கு. முடிச்சுக்குள்ள இருக்குற பாக்டீரியா காத்துல உள்ள நைட்ரஜனைப் பிடிச்சு செடிக்குச் சத்தா கொடுக்கும். ஆனா முடிச்சு வளக்குறது செடிக்குச் செலவு. இலை ஆக்குற சர்க்கரையில ஒரு பங்கு அங்க போகும். மண்ணுல நைட்ரேட், அதாவது எருவுல இருந்து வர்ற நைட்ரஜன் சத்து, தாராளமா இருந்தா செடி முடிச்சைக் குறைச்சிரும்.

ஒரு பருவத்துல நடக்குற இந்தக் கணக்குதான் கோடி வருஷத்துலயும் நடந்திருக்குன்னு எனக்குத் தோணுது. 2018ல பல செடிகளோட மரபணுத் தொகுதியை ஒப்பிட்டாங்க. முடிச்சு போடாத பல இனங்கள்ல முடிச்சு போடத் தேவையான ‘நின்’ங்கிற மரபணு ஒண்ணு காணல, இல்லன்னா உடைஞ்சு கெடந்தது. சுமார் 10 கோடி வருஷம் முன்னால ஒரே மூதாதை தொடங்கினதைப் பல வம்சம் கைவிட்டுதுன்னு ஒரு கட்சி. தனித்தனியா பல தடவை தோணிச்சுன்னு சொல்ற கட்சியும் உண்டு. நான் முதல் கட்சி. மணவாளக்குறிச்சி கடற்கரைச் சவுக்கு பயறு குடும்பமே இல்ல, ஆனா ஃபிராங்கியாங்கிற வேற வகை பாக்டீரியாவை வச்சு முடிச்சு போடுது; அதுவும் அதே பெரிய வம்சம்தான். புளி, சரக்கொன்றை, ஆவாரை எல்லாம் முடிச்சில்லாத கூட்டம்.

பாக்டீரியா பக்கம் கதை வேற. முடிச்சுக்கான மரபணுக்கள் பலதும் பிளாஸ்மிடுல, அதாவது பாக்டீரியாவுக்குள்ள தனியா இருக்குற சின்ன டி.என்.ஏ. வளையத்துல இருக்கும், ஒரு பாக்டீரியாவுல இருந்து இன்னொண்ணுக்குக் கைமாறிப் போகும். 2010ல பிரான்சுல ஒரு சோதனை வெளிவந்துது. கத்தரி, தக்காளியை வாட வைக்குமே ரால்ஸ்டோனியாங்கிற பாக்டீரியா, அதுக்குத் தொட்டாவாடி வேர் பாக்டீரியாவோட பிளாஸ்மிடைக் கொடுத்தாங்க. முதல்ல முடிச்சே வரல. செடியைத் தாக்குற ஊசி போன்ற கருவி கெட்டுப்போன திரிபுகள்தான் முடிச்சு போட்டுது. நைட்ரஜன் மட்டும் பிடிக்கல. நோய்க்கிருமிக்கும் கூட்டாளிக்கும் இடையில அவ்வளவுதான் தூரம்!

கடலோரம்77:
அண்ணாச்சி, வேலை செய்யாம சர்க்கரையைத் தின்னுட்டு இருக்குற பாக்டீரியாவும் இருக்குமே? அதை யாரு கேக்கது?

வாத்தியார்_மார்த்தாண்டம்:
செடியே கேக்கும். 2003ல சோயா வேரைச் சுத்தி நைட்ரஜனுக்குப் பதிலா எதோடயும் சேராத ஆர்கான் வாயுவை விட்டாங்க. பாக்டீரியா நல்லதுதான், பிடிக்கத்தான் ஒண்ணும் இல்ல. அந்த முடிச்சுகள்ல பாக்டீரியா பெருகுறது பாதியா குறைஞ்சுபோச்சு. செடி ஆக்ஸிஜன் வரத்தை இறுக்கினதுக்கு அடையாளமும் கிடைச்சுது. சிநேகம்னு இதைச் சொல்ல எனக்கு மனசு வரல.

கும்பப்பூ_திருவட்டாறு:
அப்போ எருக்குழி ஓரம் இனி கீரைக்குத்தான். நாளைக்குத் தொட்டாவாடி மூட்டைத் தோண்டப் போறேன் சார், முள்ளு கையில ஏறினா உங்களைத்தான் திட்டுவேன்.