மேய்ச்சல் பண்ணைகளுக்கு அரசுப் பணம்: பேரிடர் உதவியா, நிரந்தர மானியமா?

வரப்போரம்:
அமெரிக்க மாட்டுப் பண்ணையாளர்களுக்குப் பேரிடர் உதவி என்ற பெயரில் மத்திய அரசு வழங்கும் தொகைகளில் எனக்கு உடன்பாடில்லை. மழை பொய்ப்பதும் பனி கொட்டுவதும் அந்தத் தொழிலோடு பிறந்தவை. மேய்ச்சல் நிலத்துக்கென்று மழைக் குறியீட்டுக் காப்பீடு இருக்கிறது. அதன் பிரீமியத்திலும் பாதிக்கு மேல் அரசே செலுத்துகிறது. அதற்கு மேலும் எதற்காகக் கொடுக்க வேண்டும்?

புல்வெளி:
நீங்கள் சொல்லும் காப்பீடு மழைக் குறைவுக்கு மட்டுமே. செத்த மாட்டுக்கு அதில் ஒரு காசும் வராது. 2013 அக்டோபர் முதல் வாரத்தில் தெற்கு டகோட்டாவின் மேற்குப் பகுதியில் முதலில் மழை பெய்து மாடுகளை நனைத்தது. பிறகு பெருங்காற்றோடு பனி கொட்டியது. குளிர்கால ரோமம் இன்னும் வளராத நிலையில் அவை கோடை மேய்ச்சல் நிலத்திலேயே நின்றிருந்ததால், ஆயிரக்கணக்கில் விறைத்துச் செத்தன. கால்நடைப் பேரிடர் திட்டங்களோ 2011 செப்டம்பரிலேயே காலாவதியாகியிருந்தன. போதாக்குறைக்கு, நிதி ஒதுக்கீடு நிறைவேறாமல் அந்த வாரம் மத்திய அரசே முடங்கிக் கிடந்ததால், இழப்பைப் பதிவு செய்யப் போனவர்கள் பூட்டிய அலுவலகத்தைத்தான் பார்த்தார்கள். 2014 பிப்ரவரியில் வந்த வேளாண் சட்டம்தான் அந்தத் திட்டங்களை முன்தேதியிட்டு மீட்டது. அப்போதும் கிடைத்தது சராசரிச் சந்தை விலையில் 75 விழுக்காடே. சினை மாட்டின் வயிற்றிலிருந்த கன்றுக்கு அன்றைய விதியில் ஈடு இல்லை.

வரப்போரம்:
அந்த இடைவெளியில் அண்டை மாநிலப் பண்ணையாளர்கள் கிடேரிகளை நன்கொடையாகக் கொடுத்துத் தாங்கினார்களே, அதுவே போதாதா என்று கேட்க நினைத்தேன். ஆனால் அத்தனை பெரிய இழப்பை நன்கொடையால் ஈடுகட்ட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இறந்த மாட்டுக்கான ஈட்டை விட்டுவிடுவோம். என் சண்டை, வறட்சியில் மேய்ச்சல் இழந்தவர்களுக்குத் தீவனச் செலவில் ஒரு பங்கைத் தரும் தீவன வறட்சித் திட்டத்தோடு. 2014 சட்டத்தின்படி, மேய்ச்சல் பருவத்தில் ஒரு கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) ஏதேனும் ஒரு பகுதி வாராந்தர வறட்சி வரைபடத்தில் 8 வாரம் (2025 திருத்தத்துக்குப் பின் 4 வாரமே) தொடர்ந்து 'கடும் வறட்சி' நிறத்தில் இருந்தால் போதும், அந்தக் கவுண்டியில் தகுதியுள்ள மேய்ச்சல் நிலமும் மாடும் வைத்திருப்பவர் எவரும் விண்ணப்பிக்கலாம். தன் புல் காய்ந்ததா என்று அவர் காட்ட வேண்டியதில்லை. வறட்சி அடிக்கடி வரும் மேற்கு மாநிலங்களில் இது பேரிடர் உதவி அல்ல, நிரந்தர மானியம்.

கணக்கன்:
அதே பண்ணையாளர் அதே வறட்சிக்கு மழைக் காப்பீட்டுத் தொகையையும் வாங்கிக்கொள்ள முடியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புல்வெளி:
வறட்சி மாட்டைக் கொல்வதில்லை, விற்க வைக்கிறது. அதனால்தான் உயிரிழப்பு ஈட்டுத் திட்டம் பொதுவாக வறட்சியைக் கணக்கில் எடுப்பதே இல்லை. தீவனத் திட்டத்தையும் எடுத்துவிட்டால், பல தலைமுறையாக அந்த நிலத்துக்குப் பழகிய தாய் மந்தையை ஊரே ஒரே வாரத்தில் சந்தைக்கு ஓட்ட, விலை சரியும். மழை திரும்பியதும் இருமடங்கு கொடுத்து வாங்க வேண்டியிருக்கும். திட்டம் தருவது மாதத் தீவனச் செலவில் 60 விழுக்காடுதான். ஆளுக்கு ஆண்டு வரம்பு 1,25,000 டாலர்.

வரப்போரம்:
தொகை சிறியது என்பது தவறான ஆளுக்குக் கொடுப்பதற்கு நியாயம் ஆகாது. கவுண்டி எல்லையை விட்டுவிட்டு, ஒவ்வொரு பண்ணையின் புல்லையும் அளந்து கொடுக்கட்டும்.

புல்வெளி:
அளப்பது யார்? பனிப்புயலின்போது உருகாத பனிக்குவியலுக்கு அடியில் கிடந்த மாடுகளைப் படமெடுத்துக் கணக்குக் காட்டச் சொன்ன நடைமுறையில் திணறியவர்கள் கணக்குப்பிள்ளை வைத்திருக்காத சிறு பண்ணையாளர்கள்தாம். புல்லுக்கும் அதே சுமையை ஏற்றினால் பெரும்பண்ணைகள் மட்டுமே விண்ணப்பித்து முடிக்கும். கணக்கன் சொன்ன இரட்டைத் தொகையைக் கழித்துக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை.

வரப்போரம்:
கழிப்பதை எழுதி வைத்துக்கொள்கிறேன். கவுண்டி விதியில் நான் இறங்கி வருவதாக இல்லை.