இறக்கைக்குள் வயர்: குழாய் போடலாமா, கூடாதா?

மார்த்தாண்டம் ரிவெட்காரன்:
வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் நான் கட்டும் அலுமினிய விமானத்தின் இடது இறக்கை ஸ்டாண்டில் நிற்கிறது. கீழ்த் தகடு மட்டும் பாக்கி. அதை ரிவெட் அடித்து மூடிவிட்டால் அப்புறம் கை நுழையாது. நுனி விளக்கு, ஸ்ட்ரோப் (மினுக்கும் விளக்கு), லேண்டிங் லைட், பிட்டாட் ஹீட்டர் (வேகம் அளக்கும் பிட்டாட் முனையில் பனி உறையாமல் சூடாக்குவது), இத்தனைக்கும் வயர் போக வேண்டும். ரிப்புகளில் (இறக்கைக்குள் இருக்கும் குறுக்குத் தகடுகளில்) நெளிகுழாய் கோத்து அதற்குள் இழுக்கவா, ஓட்டைக்கு ஓட்டை வயரைத் தகடு வெட்டாமல் இருக்க ரப்பர் குரோமெட் (வளையம்) வைத்து கிளாம்ப் போடவா?

ஆரல்வாய்மொழிக் காற்று:
குழாய் போடுங்கள் அண்ணாச்சி. முப்பந்தல் பக்கம் காற்றாலையில் வேலை பார்க்கிறேன். இன்று வேண்டாம் என்று விட்ட வயர் இரண்டு வருடத்தில் கட்டாயம் தேவைப்படும். குழாய்க்குள் ஒரு நைலான் நூலை விட்டுவைத்தால் போதும், புது வயரைக் கட்டி இழுத்துக்கொள்ளலாம். ஆர்வி வகை கிட் விமானங்களை வீட்டில் கட்டும் பலர் இப்படித்தான் செய்கிறார்கள். வயர் அறுந்தாலும், எய்லரானை (விமானத்தைச் சாய்க்கும் இறக்கை மடலை) அசைக்கும் தண்டுமேல் தொங்காது.

குளச்சல் வள்ளக்காரன்:
இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஃபைபர் வள்ளங்களுக்கு வயரிங் செய்கிறவன் நான். போன மாதம் விளக்கு எரியாத ஒரு வள்ளத்தில் குழாயை அறுத்தேன். அரை டம்ளர் தண்ணீர் கொட்டியது. வயரின் மேலுறையில் ஒரு கீறல்கூட இல்லை. ஒரு சாண் உரித்துப் பார்த்தால் செம்பு கறுத்துப்போய், விரலால் தேய்த்ததும் பொடியாக உதிர்ந்தது. நமக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை, நடுவில் உப்புக்காற்று. கிளாம்ப் என்றால் ஆய்வு மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்துவிடலாம்.

ஆரல்வாய்மொழிக் காற்று:
அது டின் பூசாத செம்பு, பழியைக் குழாய்மேல் போடாதீர்கள். விமானத்துக்குப் போடுவது டின் பூசிய செம்பு, டெஃப்ஸெல் என்ற பிளாஸ்டிக் உறை, 150 டிகிரி தாங்கும். இறக்கை நுனி சற்றுத் தூக்கியிருப்பதால் தண்ணீர் அடிப்பக்கம், அதாவது இறக்கை உடலோடு சேரும் பக்கம், ஓடிவரும். அங்கே குழாயில் ஒரு ஓட்டை போட்டால் வடிந்துவிடும்.

குளச்சல் வள்ளக்காரன்:
அடிப்பக்கம்தானே கனெக்டர் இருக்கிறது! முதலில் நனைவது அதுதான். நெளிகுழாயில் ஒவ்வொரு நெளிவிலும் ஈரம் தங்கும். டின் பூசிய வயரைப் பற்றிச் சொன்னது சரி. இன்னொன்று, வீட்டுச் சுவரில் புதைக்கும் பிவிசி குழாயும் ஹவுஸ் வயரும் வேண்டவே வேண்டாம். பிவிசி கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும். அந்த இடத்திலிருந்து காக்பிட் ஒரு முழம்.

மார்த்தாண்டம் ரிவெட்காரன்:
எர்த்? மின்சாரம் திரும்பி வரத் தனி வயர் போடாமல், இறக்கைத் தகட்டையே எர்த்தாக வைக்கலாமா?

ஆரல்வாய்மொழிக் காற்று:
ஹீட்டருக்கு வைக்கலாம். கணக்குப் போடுங்கள். அமெரிக்க அளவில் (ஏடபிள்யூஜி) 14ஆம் எண் வயர் மீட்டருக்குச் சுமார் 0.008 ஓம். ஹீட்டர் 10 ஆம்பியர் இழுக்கிறது, தூரம் 5 மீட்டர் என்றால் 0.4 வோல்ட் போகும். திரும்பி வரவும் அதே வயர் போட்டால் 0.8. அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏவின் ஏசி 43.13-1பி என்ற கையேடு, 14 வோல்ட் அமைப்பில் தொடர்ந்து ஓடும் சாதனத்துக்கு 0.5 தான் அனுமதிக்கிறது. தனி ரிட்டர்ன் வேண்டுமென்றால் தடித்த வயர், கூடுதல் எடை.

குளச்சல் வள்ளக்காரன்:
இதில் நானும் உங்கள் பக்கம்தான். ஆனால் ஸ்ட்ரோப்புக்கு ஷீல்டு (உலோக வலை சுற்றிய) வயரும் தனி ரிட்டர்னும் வேண்டும், ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். இல்லையென்றால் ரேடியோவில் டிக் டிக் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். எர்த் போல்ட்டுக்கு அடியில் பிரைமரைச் சுரண்டி வெள்ளைத் தகடு தெரிய வைத்து முறுக்கி, மேலே சீலன்ட் பூசுங்கள். உப்புக்காற்று அங்கேதான் முதலில் கை வைக்கும்.

மார்த்தாண்டம் ரிவெட்காரன்:
சரி. பெல்கிராங்க் (எய்லரான் தண்டின் அசைவைத் திருப்பும் நெம்புகோல்) இருக்கும் அறையில் கிளாம்ப், அதற்கு வெளியே நுனிவரை குழாய், உள்ளே நூல். ரிப்பில் புது ஓட்டை எங்கே போடலாம் என்று வரைபடத்தைப் பார்த்துவிட்டுத்தான் டிரில் எடுப்பேன்.

குளச்சல் வள்ளக்காரன்:
குழாய் எனக்கு இன்னமும் சம்மதமில்லை. போடுவதென்றே முடிவு என்றால், வயரைக் கனெக்டருக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள், தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். முதல் மழை பெய்ததும் அந்த வடிகால் ஓட்டையில் விரல் வைத்துப் பார்த்து இங்கே எழுதுங்கள்.