மறு: இம்பீச்மென்ட் – ‘பதவி நீக்கம்’ சரிதானா?

வணக்கம். ‘இம்பீச்மென்ட்’ என்றால் அதிபர் போன்ற உயர் பதவியினர் மீது நாடாளுமன்றம் முறைப்படி குற்றம் சாட்டுவது; அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற இழை நீண்டுவிட்டதால் எல்லோருக்கும் ஒரே மடலில் பதில் எழுதுகிறேன்.

> செய்தித்தாள்கள் எல்லாம் ‘பதவி நீக்கம்’ என்றே எழுதுகின்றன. பழகிய சொல்லை மாற்றுவானேன்?

மாற்றத்தான் வேண்டும் ஐயா. இப்படி எழுதிப் பாருங்கள்: ‘2019 டிசம்பர் 18 அன்று டிரம்ப் பதவி நீக்கம் செய்யப்பட்டார், அடுத்த ஆண்டு முழுக்க அவரே அதிபராக இருந்தார்.’ படிப்பவர் தலையைச் சொறிவார். அமெரிக்க அதிபர்களில் 1868இல் ஆண்ட்ரூ ஜான்சன், 1998இல் கிளின்டன், அப்புறம் இரண்டு முறை டிரம்ப். மூவருமே இம்பீச் செய்யப்பட்டவர்கள், ஒருவரும் நீக்கப்படவில்லை. நிக்சன் கதையோ தலைகீழ். அவர் இம்பீச் ஆனவர் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 1974 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையின் நீதிக் குழு மூன்று குற்றக்கூறுகளை ஏற்றது. முழுச் சபையும் வாக்களிக்கும் முன்பே, ஆகஸ்ட் 9 அன்று அவர் விலகிவிட்டார். பதவி போனது அவருக்கு மட்டும்தான். இம்பீச் ஆகாதவரும் அவர்தான்.

1787இல் பிலடெல்பியாவில் கூடி அரசமைப்பை எழுதியவர்கள் வேலையை வேண்டுமென்றே இரண்டாகப் பிரித்தார்கள். குற்றம் சாட்டும் அதிகாரம் பிரதிநிதிகள் சபைக்கு மட்டும். அங்கே சாதாரணப் பெரும்பான்மை போதும். விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் மேலவையான செனட்டுக்கு மட்டும். அங்கே வந்திருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்ப வேண்டும். வழக்கமாகச் செனட்டுக்குத் தலைமை வகிப்பவர் துணை அதிபர். அதிபர் நீக்கப்பட்டால் நாற்காலி யாருக்கு? அவருக்குத்தான்! அதனால் அதிபர் மீதான விசாரணைக்கு மட்டும் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி தலைமை தாங்க வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். ஜான்சன் வழக்கில் 36 வாக்குகள் தேவைப்பட்டன, கிடைத்தவை 35. ஒரே வாக்கில் தப்பினார். ‘பதவி நீக்கம்’ என்று மொழிபெயர்த்தால், முதல் சபை வாய் திறக்கும்போதே இரண்டாம் சபையின் தீர்ப்பையும் நாமே எழுதிவிடுகிறோம்.

> இலங்கையில் ‘குற்றப்பிரேரணை’ என்கிறோம். அதையே எடுத்துக்கொள்ளலாமே?

நல்ல சொல். தலைமை நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க 2013 ஜனவரியில் பதவி இழந்தபோது நானும் அதை நிறையப் படித்தேன். ‘நீக்கம்’ என்பதைவிட இது எவ்வளவோ மேல். எனக்கு உள்ள தயக்கம் ‘பிரேரணை’யில்தான். பிரேரணை என்பது சபையின் முன் வைக்கப்படுவது. அது தோற்றும் போகலாம். இம்பீச்மென்ட்டோ சபை வாக்களித்து ஏற்ற பிறகு நடந்து முடிந்த செயல். வினையாகச் சொல்லவும் வராது. ‘குற்றப்பிரேரித்தார்கள்’ என்றா எழுதுவது?

> அப்படியானால் வெறும் ‘குற்றச்சாட்டு’ போதாதா?

போதாது. ‘குற்றம்’ என்றதும் காவல் நிலையமும் சிறையும் நினைவுக்கு வந்துவிடும். செனட் தரக்கூடிய தண்டனை பதவி நீக்கம், இனிப் பதவி வகிக்கத் தடை, இவ்வளவுதான். சிறைக்கு அனுப்ப வேண்டுமானால் தனியாக நீதிமன்றத்தில் வழக்கு நடத்த வேண்டும்.

இங்கே ஒரு சுவையான கதை. 1787 செப்டம்பர் 8 அன்று, இம்பீச் செய்வதற்குத் தேசத்துரோகம், லஞ்சம் ஆகிய இரண்டு காரணங்கள் மட்டும் போதாது என்று, பிலடெல்பியாவில் கூடியவர்களில் ஒருவரான ஜார்ஜ் மேசன் வாதாடினார். அதற்கு அவர் இழுத்த பெயர் நமக்குத் தெரிந்ததுதான்: வாரன் ஹேஸ்டிங்ஸ். வங்காளத்தை ஆண்டவர், அதற்கு முன் சென்னைக் கவுன்சிலிலும் இருந்தவர். அதே ஆண்டு லண்டனில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் காமன்ஸ் சபை அவரை இம்பீச் செய்திருந்தது. ஹேஸ்டிங்ஸ் மீதுள்ளது தேசத்துரோகம் இல்லையே, அப்படிப்பட்டவர்களை என்ன செய்வது என்று கேட்டார் மேசன். ‘சீர்கெட்ட நிர்வாகம்’ என்பதையும் சேர்க்கச் சொன்னார். அவ்வளவு தெளிவில்லாத சொல்லைப் போட்டால், செனட்டுக்குப் பிடிக்கும்வரைதான் அதிபர் இருக்க முடியும் என்று அதே கூட்டத்தில் இருந்த ஜேம்ஸ் மாடிசன் மறுத்தார். அதன் பிறகு வந்து உட்கார்ந்ததுதான் இன்றைக்கும் சண்டை போட வைக்கும் அந்தப் ‘பெருங்குற்றங்களும் தவறொழுக்கங்களும்’. (என் மொழிபெயர்ப்பு எனக்கே பிடிக்கவில்லை. அதற்குத் தனி இழை வேண்டும்.)

ஹேஸ்டிங்ஸ் 1785லேயே பதவியை விட்டு இறங்கிவிட்டார். விசாரணை 1788இல் தொடங்கி 1795இல் விடுதலையில் முடிந்தது. பதவியிலேயே இல்லாதவருக்கு என்ன பதவி நீக்கம்?

> நம் அரசமைப்பில்?

ஒரு வரியில்: குடியரசுத் தலைவருக்கான 61ஆம் உறுப்பில் இம்பீச்மென்ட் என்ற சொல் இருக்கிறது, நீதிபதிகளுக்கான 124ஆம் உறுப்பு நேராகவே நீக்கம் என்கிறது. 1993இல் நீதிபதி வி. ராமசாமி மீதான தீர்மானம் தோற்றதே, அதை ‘பதவி நீக்கத் தீர்மானம்’ என்று எழுதியது சரிதான். அந்தப் பழக்கத்தையே வாஷிங்டனுக்கும் கொண்டுபோனதில்தான் கோளாறு.

என் பரிந்துரை: ‘பதவிக்குற்றச்சாட்டு’. பதவியில் இருந்தபோது செய்ததாகச் சாட்டப்படும் குற்றம் என்று பொருள். வினையும் எளிதாக வருகிறது: பதவிக்குற்றம் சாட்டு. செனட்டில் நடப்பது பதவிக்குற்ற விசாரணை. ‘பதவியில் இருப்பதே குற்றம் என்று படிக்க மாட்டார்களா?’ என்று தனிமடலில் ஒருவர் கேட்டிருந்தார். படித்தால் படிக்கட்டும், அப்படி நினைப்பவர்களும் நாட்டில் உண்டு.

முன்பு தலையைச் சொறிய வைத்த வாக்கியம் இப்போது: ‘2019 டிசம்பர் 18 அன்று பிரதிநிதிகள் சபை டிரம்ப் மீது பதவிக்குற்றம் சாட்டியது, 2020 பிப்ரவரி 5 அன்று செனட் அவரை விடுவித்தது.’

மிச்சம் ஒன்று இருக்கிறது. பிரதிநிதிகள் சபையின் சார்பில் செனட்டில் போய் வாதாடும் உறுப்பினர்களை அங்கே ‘மேனேஜர்’ என்கிறார்கள். ‘மேலாளர்’ என்றால் எனக்கு வங்கி நினைவுதான் வருகிறது. ‘சாட்டுரைஞர்’ எப்படி? சட்டம் படித்தவர்கள் சொல்லுங்கள்.