'அணுச் சிக்கனம்' என்றே வைக்கலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கழிவைக் குறைக்க முயலும் பசுமை வேதியியலின் பாடக்குறிப்பில் 'ஆட்டம் எகானமி'க்கு (atom economy) 'அணுப் பொருளாதாரம்' என்று எழுதியிருப்பதை மாற்றிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். இளநிலை மாணவர் அதைக் கேட்டதும் அணுமின் நிலையத்தின் வரவு செலவு என்றுதான் நினைப்பார். 'அணுத்திறன்' என்றாலும் இதே குழப்பம்தான்.

1991-இல் வேதியியலர் பேரி டிராஸ்ட் இந்தக் கருத்தை முன்வைத்தார். வினையில் இறங்கும் அணுக்களில் எவ்வளவு நமக்கு வேண்டிய பொருளில் போய்ச் சேருகிறது, எவ்வளவு வீணாகிறது என்பதே கேள்வி. இதில் பணக்கணக்கே இல்லை. அதனால் 'அணுச் சிக்கனம்' என்பதை முன்மொழிகிறேன்.

சிக்கனம் என்றால் குறைவாகச் செலவழிப்பது அல்லவா என்று நேற்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் தையல்காரர் துணியைச் சிக்கனமாக வெட்டினார் என்றால் சட்டையைச் சிறிதாகத் தைத்தார் என்றா பொருள்? துண்டுத்துணி அதிகம் விழாமல் வெட்டினார் என்று பொருள். நமக்கு வேண்டியதும் அதே பொருள்தான். 'அணுப் பயன்பாட்டு வீதம்' துல்லியமாக இருந்தாலும், ஒரே வகுப்பில் பத்து முறை சொல்ல வேண்டிய சொல்லுக்கு அந்த நீளம் ஒத்துவராது.

எந்தச் சொல்லை எடுத்தாலும், அது 'விளைச்சல்' (சமன்பாட்டின்படி கிடைக்க வேண்டிய விளைபொருளில் உண்மையில் கிடைத்த பங்கு) என்பதோடு கலந்துவிடக் கூடாது. மாணவர்கள் ஆய்வகத்தில் செய்யும் 1-புரோமோபியூட்டேனையே எடுத்துக்கொள்வோம். மூலக்கூறு நிறைப்படி பியூட்டனால் 74, சோடியம் புரோமைடு 103, கந்தக அமிலம் 98, ஆக மொத்தம் 275. விளைபொருள் 137. அணுச் சிக்கனம் ஏறக்குறைய 50 விழுக்காடு. ஒரு துளி சிந்தாமல் முழு விளைச்சல் எடுத்தாலும் மீதிப் பாதி சோடியம் ஹைட்ரஜன் சல்பேட்டாகவும் நீராகவும் போய்விடும். 80 விழுக்காடு விளைச்சல் கிடைத்த மாணவர் மகிழ்ச்சியோடு நோட்டைக் காட்டுகிறார். சமன்பாட்டின்படி போட்ட நிறையில் அவர் கையில் இருப்பது 40 விழுக்காடுதான். இந்த இடைவெளியை மாணவரே கணக்கிட்டுக் காணும்போதுதான் பாடம் மனத்தில் இறங்குகிறது. (கணக்கில் நாம் கூட்டுவது நிறையை, அணுக்களின் எண்ணிக்கையை அல்ல. இதைப் பாடக்குறிப்பில் ஒரு வரியாவது சேர்க்க வேண்டும்.)

சொல்லை வாக்கியத்தில் வைத்தும் பார்த்தேன்: "வலிநிவாரணியான ஐபுப்ரூஃபனின் தயாரிப்பு ஆறு படிகளிலிருந்து மூன்றாகக் குறைந்தபோது, அதன் அணுச் சிக்கனம் 40 விழுக்காட்டிலிருந்து 77 ஆக உயர்ந்தது." தடுக்காமல் வாசிக்க முடிகிறது. 'வினை' என்பதை இலங்கையில் 'தாக்கம்' என்பார்கள். இந்தச் சொல் இரண்டோடும் பொருந்தும்.

அப்புறம், வேதியியலர் ரோஜர் ஷெல்டனின் 'ஈ காரணி' (E factor; E என்பது environmental). ஒரு கிலோ விளைபொருளுக்கு எத்தனை கிலோ கழிவு என்று சொல்லும் அளவு அது. நேராகச் 'சுற்றுச்சூழல் காரணி' என்று பெயர்த்தால் சூழலியல் பாடத்தில் வரும் வெப்பநிலை, ஈரப்பதம் போன்றவற்றோடு மோதும். 'கழிவுக் காரணி' எனக்குச் சரியாகப் படுகிறது. வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.