பழைய அச்சகத்துக்குள்ள சக்கர நாற்காலி போக என்ன செய்யலாம்?

வண்ணைக்காரி:
வணக்கம். வண்ணார்பண்ணையில எங்கட பழைய அச்சகத்தைச் சின்ன நூதனசாலையா மாத்துறம். 1841 இல உதயதாரகைப் பத்திரிகை வெளிவந்த, ஆறுமுக நாவலர் அச்சுக்கூடம் வைச்ச யாழ்ப்பாண மண்ணில எங்கட கடை ஒண்டும் பெரிசில்லை. ஆனா கால்மிதி அச்சு இயந்திரம், தாள் வெட்டுற மிசின், ஈய எழுத்துத் தட்டுகள் எல்லாம் அப்பிடியே இருக்குது. அப்பா நாப்பது வருசம் அதில நிண்டு அச்சுக்கோத்தவர். சலரோகத்தால ஒரு கால் எடுத்த பிறகு இப்ப சக்கர நாற்காலியில.

போன மாசம் அவரைக் கூட்டிக்கொண்டு போனன். வாசலிலயே நிண்டிட்டம். விறாந்தைக்கு ரெண்டு படி, அளந்தா 30 சென்ரிமீற்றர். பிறகு மரநிலையின்ர கீழ்ச்சட்டம் 5 சென்ரிமீற்றர் எழும்பி நிக்குது. தம்பியும் ஓட்டோக்காரரும் நாற்காலியோட தூக்கி உள்ள வைச்சினம். அப்பா ஒண்டும் சொல்லேல்லை. இயந்திரத்தைப் பாக்காமல் தன்ர கையையே பாத்துக்கொண்டு இருந்தார். இனி ஒருத்தரையும் அப்பிடித் தூக்கி வைக்க எனக்கு மனமில்லை. படியையும் நிலையையும் உடைக்கவும் மனமில்லை. காசும் கொஞ்சம்தான். எதில தொடங்கிறது?

கோண்டாவிலான்:
தங்கச்சி, நான் இருபத்தாறு வருசமா நாற்காலியில. படியை உடைக்கத் தேவையில்லை, அதுக்கு மேலால சாய்தளம் போடலாம். ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம், அதுதான் கணக்கு. உங்கட 30 சென்ரிமீற்றருக்கு 3.6 மீற்றர், பன்னிரண்டு அடி மட்டில. நீளத்தைக் குறைச்சா தள்ளுறவருக்கு மூச்சு வாங்கும், தனிய ஏறுறவர் மல்லாந்து விழுவார். நேரா இறக்க இடம் காணாட்டி விறாந்தைப் பக்கமாத் திருப்புங்கோ, திரும்பிற இடத்தில 1.5 மீற்றர் சமதளம் விடுங்கோ. நிலைக்கு ரெண்டு பக்கமும் 60 சென்ரிமீற்றர் நீளத்தில சாய்வாச் சீவின மரக்கட்டை போதும். ரெட்டைக் கதவெண்டா ரெண்டையும் திறந்து வையுங்கோ, வழி 80 சென்ரிமீற்றராவது வேணும்.

இன்னொண்டு. படலையில இருந்து விறாந்தை மட்டும் நிலம் எப்பிடி? ஒரு இடத்தில அருமையான சாய்தளம் கட்டி வைச்சிருந்தவை. நான் அதைப் பாத்துக்கொண்டு மணலுக்குள்ள சில்லுப் புதைஞ்சு நிண்டனான்.

மேசன் வேலைக்காரன்:
அண்ணை சொன்ன கணக்குச் சரி. தளத்தை மினுக்க வேண்டாம், கார்த்திகை மழைக்கு வழுக்கும். சீமெந்து இறுக முன்னம் தும்புத்தடியால குறுக்கா இழுத்து விடுங்கோ. கரையில சில்லு இறங்காமல் சின்ன வரம்பும், ரெண்டு பக்கமும் கைபிடியும் வேணும். பழைய படிக்கு மேல தடிச்ச பொலித்தீன் விரிச்சுக் கட்டினா, பிறகொரு நாள் கழட்டினாலும் படி பழுதாகாது. முதல்ல பலகை போட்டு ஓட்டிப் பாருங்கோ.

விரல்வாசகன்:
எனக்கு இருபது வயசில பார்வை போனது. நான் கேக்கிறது ஒண்டுதான்: எல்லாத்தையும் கண்ணாடிப் பெட்டிக்குள்ள பூட்டாதேங்கோ. பூட்டினா எனக்கு அங்க கண்ணாடி மட்டும்தான் இருக்கும். பிறவியிலேயே பார்வை இல்லாமல் பிரெய்ல் படிக்கிற பிள்ளைக்கு 'ழ' எண்டா சில புள்ளிகள். அந்தச் சுழி எப்பிடி வளையுது எண்டு அதின்ர விரலுக்குத் தெரியாது. பெரிய மர எழுத்துகள் இருந்தா வெளியில வையுங்கோ. அச்செழுத்து இடம் வலம் மாறி இருக்கும், அதனால நேராச் செதுக்கின ஒண்டையும் பக்கத்தில வைக்க வேணும். ஈயத்தைத் தொட்டவைக்குக் கை கழுவத் தண்ணியும் சவர்க்காரமும் இருக்கட்டும். சின்னப் பிள்ளையளிட்ட ஈயம் குடுக்க வேண்டாம், மரம் காணும்.

வண்ணைக்காரி:
எல்லாருக்கும் நன்றி. மர எழுத்து ஒரு பெட்டி நிறைய இருக்குது, நான் அதைக் கணக்கிலயே எடுக்கேல்லை. முற்றத்து மணலுக்கு நடைபாதைக்கல் பதிக்கப்போறம்.

இண்டைக்குப் பலகை போட்டுப் பாத்தம். அப்பா தானே சில்லைத் தள்ளி உள்ள வந்தார். வந்த பிறகுதான் விளங்கினது, எழுத்துத் தட்டுகள் எல்லாம் நிண்டு வேலை செய்யிறவருக்கு வைச்ச உயரம். மேல்தட்டு அவருக்கு எட்டேல்லை. ஒரு தட்டை 75 சென்ரிமீற்றர் உயரத்துக்கு இறக்கி, கீழ முழங்கால் போக வெளிவிட்டு மேசை செய்யத் தச்சரிட்டச் சொல்லியிருக்கிறன். கீழ்த்தட்டில அப்பா பாக்காமலே கையை விட்டு எங்கட அம்மாவின்ர பேரை எடுத்துக் கோத்தார். ஒரு எழுத்தும் பிழைக்கேல்லை.

பலகையை இரவைக்கு எடுக்க வேண்டாமாம், நாளைக்கும் வருவாராம்.